ரேவதி இழுத்துக் கட்டிய ஒயர்

காஞ்சிபுரத்தில் கம்ப்யூட்டர் கட்டிக் கொடுப்பவர்கள் பலர் உண்டு. ஆனால் பிள்ளையார்பாளையம் ரேவதி கட்டிய கம்ப்யூட்டருக்கு மட்டும் தனி மவுசு. பக்கவாட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் உள்ளே ஒயர்கள் ஒன்றோடொன்று உரசாமல், எங்கும் தொய்யாமல், தறியில் ஏற்றிய பாவு நூல் மாதிரி விறைப்பாக ஓடும். யார் கட்டியது என்று கேட்கவே வேண்டாம், பார்த்தாலே தெரியும்.

அந்தக் கை பிறந்த வீட்டுச் சொத்து. இழை தொய்ந்தால் சேலை கெட்டது என்பது நெசவு வீட்டில் சோற்றோடு சேர்த்து ஊட்டுகிற பாடம். சின்ன வயதிலேயே தகப்பனைப் பறிகொடுத்த ரேவதியை, பெரியப்பா கலியாணசுந்தரம்தான் வளர்த்தார். தறியில் உட்கார வைத்தார். "இந்தப் பொண்ணுக்குப் படிப்பு வருது" என்று பாலிடெக்னிக்கிலும் சேர்த்தார். அதே பெரியப்பாதான், அவள் சாமுவேலைக் கைப்பிடித்து வந்து வாசலில் நின்ற அன்று, கதவின் குறுக்கே கையை நீட்டி, "இந்தப் படியை இனி நீ மிதிக்கக் கூடாது" என்றார்.

ரேவதி மிதிக்கவில்லை. அதே பாளையத்தில் சில தெருக்கள் தள்ளிக் கடை போட்டாள். ஒரு பக்கம் அவளுடைய கம்ப்யூட்டர், மறுபக்கம் சாமுவேலின் யு.பி.எஸ்., பேட்டரி வேலை. கடை வளர்ந்தது, பேரும் வளர்ந்தது. வாசலில் நின்று அவமானப்பட்ட பெண்ணுக்கு அந்தப் பேர்தான் வீடு, வாசல், மானம், மரியாதை எல்லாம்.

அந்த வீட்டிலிருந்து அவளைத் தேடி வந்த ஒரே ஜீவன் துளசி. பெரியப்பாவின் ஒரே மகள். ஐந்து பெண்கள் ஆன்லைனில் சேர்ந்து விளையாடும் கம்ப்யூட்டர் துப்பாக்கி ஆட்டம் ஒன்றில் கெட்டிக்காரி. ஊர் ஊராகப் பிரிந்து கிடக்கும் அந்த அணிக்கு அவள்தான் கேப்டன். காலேஜ் போகிறேன் என்று சொல்லிவிட்டு ரேவதியின் கடையிலிருந்த கம்ப்யூட்டரில்தான் பழகினாள். பிறகு, ஜெயித்த பரிசுப் பணத்தில் பெரிய கிராபிக்ஸ் கார்டு போட்ட சொந்த மெஷின் ஒன்றை அக்காவையே கட்டச் சொல்லி, ஆட்டோவில் வைத்து எடுத்துப் போனாள். அப்பாவிடம், "ஆன்லைன்ல வாங்கினேன்பா" என்று ஒரு பொய்.

மற்ற வீடுகளுக்கெல்லாம் ரேவதி நேரில் போய் மெஷினை வைத்து, திறந்து, ஒரு தடவை சரி பார்த்துவிட்டுத்தான் வருவாள். இந்த ஒரு வீட்டுக்கு மட்டும் போக முடியவில்லை. துளசி அனுப்பிய போட்டோவில் பார்த்ததோடு சரி. சரக்கு அறையில், பட்டுச் சேலைகள் அடுக்கிய அலமாரியை ஒட்டி மெஷின் உட்கார்ந்திருந்தது. "வீட்டுலயே ஏசி இருக்கிற ரூம் இதுதான்க்கா. எனக்கு இல்ல, பட்டுக்கு!" என்று எழுதிச் சிரித்திருந்தாள்.

முகூர்த்தங்கள் நெருக்கிக்கொண்டு வந்த வைகாசி மாதம். ஞாயிற்றுக்கிழமை காலை கடையைத் திறக்கும்போதே யுவன் வந்து நின்றான். அவனுக்கும் ரேவதிதான் கட்டிக் கொடுத்திருந்தாள்.

"அக்கா, நேத்து விளையாடிக்கினே இருந்தேன், பொசுக்குனு ஸ்கிரீன் கறுத்துப் போச்சு. ஏதோ தீயற வாசனை வேற."

கண்ணாடியைக் கழற்றினாள். கிராபிக்ஸ் கார்டுக்குக் கரண்ட் கொண்டு போகிற ப்ளக்கைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. ஆட்டி ஆட்டி இழுத்ததும், சட்டியில் அடிப்பிடித்த சோறு மாதிரிப் பிய்ந்துகொண்டு வந்தது. ஒரு ஓரம் பழுப்பேறி, மூலை கருகி, பிளாஸ்டிக் ஒழுகி இறுகிப்போயிருந்தது.

கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு சின்ன ப்ளக். அதற்குள் ஊசி ஊசியாகப் பின்கள். ஓடுகிற மிக்ஸிக்கு வேண்டிய சக்தி அந்தச் சின்னஞ்சிறு வாய் வழியாகத்தான் போக வேண்டும். முழுக்க உட்கார்ந்திருந்தால் வம்பில்லை. மயிரிழை வெளியே நழுவினால் போதும், எல்லா பின்களும் ஒழுங்காகத் தொடாது. தொடுகிற ஒன்றிரண்டு மட்டும் மொத்தச் சுமையையும் சுமந்து கொதிக்கும்.

"இந்த ப்ளக்கோட டிசைனே சரியில்லக்கா. நெட்ல உலகமே திட்டிக்கினு இருக்குது. நீ என்ன பண்ணுவ?" என்றான் யுவன்.

"அவன் சொல்றதுதான் நியாயம். கம்பெனிக்காரனைக் கேளு" என்றான் சாமுவேல், பேட்டரியிலிருந்து தலையைத் தூக்காமலே.

ரேவதி ப்ளக்கின் கழுத்திலிருந்து புறப்பட்ட ஒயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்தை விட்டு வந்ததுமே சுள்ளென்று மடங்கி, அவள் போட்ட கட்டுக்குள் போய் இறுகியிருந்தது. கட்டு எந்தப் பக்கம் இழுத்ததோ அந்தப் பக்கம்தான் கருகியிருந்தது.

ஊரே மெச்சிய அந்த விறைப்பு! 

"ப்ளக் நொள்ளைதான் யுவன். ஆனா அதை வெளிய இழுத்தது நான். என் கட்டு" என்றாள்.

சொல்லி வாய் மூடுமுன்னே அவளுக்கு நினைவு வந்தது. துளசி! யுவனுடையதைவிடப் பெரிய கார்டு. அவனுடையதைவிட இன்னும் அழகாக, இன்னும் இறுக்கமாகக் கட்டிக் கொடுத்த மெஷின். ஆட்டோவில் குலுங்கிப் போய், யாரும் திறந்து பார்க்காமலே ஓடிக்கொண்டிருப்பது. சுற்றிலும் பட்டு. இன்று காலை அரையிறுதி ஆட்டம் வேறு. இந்நேரம் அந்த மெஷின் முழு மூச்சில் இரைந்துகொண்டிருக்கும்.

போன் போட்டாள். துளசி எடுக்கவில்லை. ஆட்டத்தில் உட்கார்ந்தால் போனைப் பெட்டிக்குள் போடுகிறவள். மனப்பாடமாயிருந்த பெரியப்பாவின் நம்பரைத் தட்டினாள். இரண்டு தடவை தட்டியும் அடுத்த முனையில் கட் ஆனது.

"சாமு, நான் அங்க போறேன்."

சாமுவேல் இப்போதுதான் தலை நிமிர்ந்தான். "எங்க?"

"எங்கேன்னு உனக்குத் தெரியும்."

ஸ்கூட்டர் பறந்தது. கோயிலுக்கும் ஜவுளிக்கும் வந்த வேன்கள் அடைத்துக்கொண்டிருந்த பெரிய தெருவை விட்டு, சந்தில் திரும்பினாள். அங்கே தெரு நெடுக மூங்கில் கவைக்கால்களின்மேல் கஞ்சி போட்ட பாவு நூலை நீட்டிக் காயவைத்திருந்தார்கள். அரக்குச் சிவப்பு, இடுப்பு உயரம், கண்ணுக்கு எட்டிய தூரம். நீட்டிய பாவின் குறுக்கே அந்த ஊரில் யாரும் போக மாட்டார்கள். நாயைக்கூட விட மாட்டார்கள்.

"ஏம்மா ரேவதி, சுத்திக்கினு போ! இன்னும் கஞ்சி காயல" என்று கத்தினார் பாவுக்காரர்.

சுற்றிப் போக நேரமில்லை. ஸ்கூட்டரை அப்படியே சாய்த்துவிட்டுத் தரையோடு தரையாகக் குனிந்தாள். ஒரு இழைகூடத் தலையில் படாமல் அடியில் புகுந்து அந்தப் பக்கம் எழுந்து ஓடினாள்.

பெரியப்பா வீட்டு வாசலில் ஏகப்பட்ட செருப்புகள். கூடத்தில் சேலை எடுக்க வந்த கல்யாணப் பார்ட்டி. ஜமுக்காளத்தில் விரித்த கூறைப்புடவையைச் சுற்றிப் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கலியாணசுந்தரம், தீக்குச்சி கிழித்து, முந்தியிலிருந்து உருவிய இழையைக் கொளுத்திச் சாம்பலை உள்ளங்கையில் தேய்த்துக் காட்டிக்கொண்டிருந்தார். அசல் பட்டு என்று காட்டுவதற்கு அந்த வீட்டில் தினம் நடக்கிற சடங்கு அது. அதனாலேயே அந்த வீட்டில் தீயும் வாசனை வந்தால் யாரும் மூக்கைக்கூடச் சுளிப்பதில்லை.

ரேவதி மட்டும் வாசலிலேயே நின்றுவிட்டாள். அந்தப் பழகிய வாசனைக்கு அடியில் இன்னொன்று நெளிந்து வந்துகொண்டிருந்தது. காலையில் யுவனுடைய மெஷினைத் திறந்தபோது முகத்தில் அடித்த அதே நெடி.

படியை மிதிக்கக் கூடாது. சரி, மிதிக்காமலே நிறுத்தலாம். வெளிச்சுவரில் மீட்டர் பெட்டி இருந்தது. எட்டி மெயினைக் கீழே இழுத்தாள். கூடத்து மின்விசிறி தள்ளாடி நின்றது.

"ஐயோ, கரண்ட் போச்சே" என்றது ஒரு குரல்.

ரேவதி மூச்சு விட்டாள். அந்த மூச்சு முடிவதற்குள் உள்ளேயிருந்து ஒரு சத்தம். பீப்... பீப்... பீப்...

யு.பி.எஸ்.! கரண்ட் போனால் ஆட்டம் நிற்கக் கூடாதே என்று அவளே சொல்லி வாங்க வைத்தது. சாமுவேல் தன் கையாலேயே பேட்டரி பார்த்துக் கொடுத்தது. ஊரே அணைந்தாலும் அந்த மெஷின் அணையாது. அதை நிறுத்த இனி ஒரே வழிதான். படி ஏற வேண்டும்.

"மெயின்ல யாருடா கை வெச்சது?" என்று வெளியே வந்த கலியாணசுந்தரம் அவளைப் பார்த்தார். முகம் இறுகியது. "நீயா?"

"பெரியப்பா, துளசி கம்ப்யூட்டரை உடனே நிறுத்தணும். தீயுது. வாசனை வரல உங்களுக்கு?"

"இப்பத்தான் இழை கொளுத்திக் காமிச்சேன். பட்டு வாசனைகூட மறந்துபோச்சா உனக்கு?"

"பட்டு எரிஞ்சா மயிர் பொசுங்குற நாத்தம். இது தொண்டையைக் கவ்வுது. நல்லா இழுத்துப் பாருங்க!"

"வியாபார நேரத்துல வந்து நாடகம் ஆடாத. போ."

பழையபடி அந்தக் கை கதவின் குறுக்கே நீண்டது. அன்று அந்தக் கையைப் பார்த்துத் திரும்பிப் போன பெண் இன்று திரும்பவில்லை. பாவுக்கடியில் குனிந்து வந்தவளுக்கு ஒரு கை எம்மாத்திரம்? குனிந்தாள், நுழைந்தாள், படியைத் தாண்டினாள். கூறைப்புடவையின் விளிம்பைக்கூட மிதிக்காமல் கூடத்தைக் கடந்து சரக்கு அறைக் கதவைத் தள்ளினாள்.

காதில் ஹெட்போனோடு துளசி திரையை முறைத்துக்கொண்டு, "லெஃப்ட்ல வா! ஜெயப்ரியா, லெஃப்ட்ல!" என்று கத்திக்கொண்டிருந்தாள். அவள் முழங்காலுக்குப் பக்கத்தில், மெஷினின் கண்ணாடிக்குள், அகல் சுடர் அளவுக்கு ஒரு மஞ்சள் நாக்கு. மேலே மெல்லிய கரும்புகை, அலமாரியின் கீழ்த்தட்டில் அடுக்கியிருந்த பட்டுகளை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது.

ரேவதி பாய்ந்து முதுகுப்பக்கத்து ஒயரைப் பிடுங்கினாள். திரை செத்தது.

"அக்கா! செமிஃபைனல்க்கா! பாவி, என்ன பண்ணிட்ட..." என்று எழுந்த துளசி, கண்ணாடிக்குள் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பின்னாலேயே ஓடி வந்த பெரியம்மா அலமு, குடத்தோடு தண்ணீரைத் தூக்கினாள்.

"தண்ணி வேணாம் பெரியம்மா! கரண்ட்டை எடுத்துட்டேன், அடங்கிடும். மேல இருக்கிற சேலையை இறக்குங்க, சீக்கிரம்!"

கல்யாணப் பார்ட்டிப் பெண்கள்கூட வந்து வரிசை கட்டி நின்றார்கள். சேலைகள் கைமாறிக் கைமாறிக் கூடத்துக்குப் போயின. தீனி நின்றதும் அந்த மஞ்சள் நாக்கு சுருங்கி, சிவந்து, கண் மூடியது. ரேவதி மெஷினைத் தூக்கிப் பின்கட்டு முற்றத்தில் வைத்துக் கண்ணாடியைக் கழற்றினாள். ப்ளக் இருந்த இடத்தில் கரிக்கட்டிதான் இருந்தது.

கலியாணசுந்தரம் மகளை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார். அலமாரியைப் பார்த்தார். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"யாரும்மா இந்த மெஷினை வித்தவன்? அவனை உள்ளே தள்ளணும்" என்றார் கல்யாணப் பார்ட்டியில் வந்த ஒரு பெரியவர்.

துளசி அவசரமாக, "ஆன்லைன்ல..." என்று ஆரம்பித்தாள்.

"இல்லீங்க. கட்டினது நான்" என்றாள் ரேவதி.   "ஒயர் தொய்யக் கூடாதுன்னு இழுத்துக் கட்டினேன். அந்த இழுப்புல ப்ளக் வெளிய நகர்ந்திருக்குது. தப்பு என் கையிலதான். இன்னும் சில வீட்டுல இதே மாதிரி கட்டிக் குடுத்திருக்கேன். அங்கேயும் போய்ச் சொல்லத்தான் போறேன்."

சொல்லி முடித்தாள். அவ்வளவுதான், கட்டிக் காத்த பேர் பத்துப் பேர் முன்னால் தரையில் விழுந்தது என்று நினைத்தாள்.

கலியாணசுந்தரம் குனிந்து மெஷினுக்குள் பார்த்தார். கருகாமல் மிச்சமிருந்த ஒயர்களை விரலால் தடவினார். அந்த விரலுக்கு அந்தக் கட்டு யாருடைய கட்டு என்று தெரிந்தது. அவரும் அவர் தம்பியும் சேர்ந்து பழகிய கட்டு.

"தறியில இழுத்துக் கட்டச் சொன்னேன்" என்றார். "இது என்ன தறியாடி, பைத்தியமே?"

திட்டுத்தான். ஆனால் அந்தக் கடைசி வார்த்தையில் அவர் குரல் உடைந்துவிட்டது. ரேவதி அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகையெல்லாம் மடை திறந்தது. அலமு ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

"ஐயா, இந்தப் பொண்ணு யாரு?" என்றார் அந்தப் பெரியவர்.

"எங்க வீட்டுப் பொண்ணு" என்றார் கலியாணசுந்தரம். "என் தம்பி பொண்ணு."

இத்தனை நடுவிலும் துளசி போனில் பறந்துகொண்டிருந்தாள். "அக்கா, அழுகையை அப்புறம் வெச்சுக்க! மெஷின் கோளாறுன்னு சொல்லி டைம் வாங்கிருக்கேன். கொஞ்ச நேரம்தான் தருவாங்க. வேற மெஷின் இல்லன்னா டீமே அவுட்."

ரேவதி கண்ணைத் துடைத்தாள். கடையில் துளசி பழகின அந்தப் பழைய கம்ப்யூட்டர்! ஆட்டம் அதில் அப்படியே கிடக்கிறது. சின்ன கார்டு, கரண்ட் குறைவு, பழைய தினுசு கெட்டி ப்ளக். போனை எடுத்தாள்.

"சாமு, துளசி பழகின மெஷினைத் தூக்கிக்கினு வா. இங்க. ஆமா, இங்கதான். வாசல்ல நிக்காத, நேரா உள்ள வா."

"வண்டி வராதே அக்கா, சந்துல பாவு நீட்டியிருக்காங்க" என்றாள் துளசி.

கலியாணசுந்தரம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். அறுபதைத் தாண்டியவர் ஓடியதைப் பாளையம் அன்றுதான் பார்த்தது. சந்து முனையில், மெஷினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பாவுக்கு அந்தப் பக்கம் திகைத்து நின்றான் சாமுவேல்.

"பாவைத் தூக்குங்கபா!"

"அண்ணே, கஞ்சி இன்னும்..."

"கெட்டா என் தலையில. தூக்குங்கடா, எங்க வீட்டு மாப்பிள்ளை வராரு!"

 தெருவே ஓடி வந்து ஆளுக்கொரு கவைக்காலைப் பிடித்தது. அரக்குச் சிவப்புப் பாவு சரசரவென்று தலைக்குமேல் எழும்பியது. கல்யாணப் பந்தல் மாதிரி நின்ற அந்தப் பட்டுக்கடியில், கையில் கம்ப்யூட்டரோடும் கண்ணில் நீரோடும் சாமுவேல் நடந்து வந்தான்.

"பார்த்து வாங்க மாப்பிள்ளை, கல்லு இருக்குது" என்றார் கலியாணசுந்தரம்.

மெயினைத் தூக்கிவிட்டார்கள். மெஷின் கூடத்திலேயே, கூறைப்புடவைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தது. துளசி சம்மணம் போட்டு அமர்ந்தாள். கல்யாணப் பார்ட்டி சேலையை மறந்துவிட்டுத் திரையைச் சுற்றிக் கூடியது. படம் மங்கல். அசைவு கொஞ்சம் திணறல். "பரவாயில்ல, இதுலதான் நான் பொறந்தேன்" என்று பல்லைக் கடித்தாள் துளசி.

என்ன நடக்கிறதென்று அங்கே பாதிப் பேருக்குப் புரியவில்லை. ஆனாலும், "சுடுடி அவளை!" என்று முதலில் கத்தியது அலமுதான். எதிரணியின் கடைசி ஆள் சுவரோரம் விழுந்ததும் துளசி ஹெட்போனைத் தூக்கி எறிந்துவிட்டுக் குதித்தாள். கல்யாணப்பெண் அவளைத் தூக்கிச் சுற்றினாள். இறுதி ஆட்டத்துக்குப் போயாயிற்று! அந்தச் சத்தத்தில் தெருக்கோடி வரை ஆட்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"கூறைப்புடவை இங்கதான் எடுக்கிறோம்" என்றார் பெரியவர். "தப்பைப் பத்துப் பேர் முன்னால சொல்ற பொண்ணைப் பெத்த வீட்டுல பட்டு பொய்யாவா இருக்கும்?"

சாப்பிட்டுவிட்டுப் போ என்று அலமு எவ்வளவோ கெஞ்சினாள். ரேவதி ஒரு வாய் மட்டும் வாங்கிக்கொண்டாள். "மத்த வீட்டுல மெஷின் ஓடிக்கினு இருக்குது பெரியம்மா. ராத்திரி வந்து ஒக்காந்து சாப்பிடுறேன்" என்று கிளம்பிவிட்டாள். போகும் வழியிலேயே மற்ற வீடுகளுக்கெல்லாம் போன் போட்டு, தான் வரும்வரை மெஷினைப் போடாதீர்கள் என்றாள். சின்ன காஞ்சிபுரத்தில் மட்டும் யாரும் எடுக்கவில்லை. முதலில் அங்கேதான் போனாள். மரகதவல்லி மாமி வீடு. மாமியின் மகன் ஹர்ஷவர்தன், கதவு திறந்திருப்பதுகூடத் தெரியாமல் விளையாடிக்கொண்டிருந்தான்.

"நன்னா ஓடிண்டிருக்கிறதை எதுக்குடிம்மா பிரிக்கறே?" என்றாள் மாமி.

"நல்லா ஓடுறப்பவே பிரிக்கணும் மாமி. நான் கட்டினதுல தப்பு இருக்குது. காலைல ஒரு வீட்டுல தீயே புடிச்சிடுச்சு."

மாமி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ரிப்பேர்னு நாம போய் நின்னாலே எங்க தப்பு இல்லேம்பான் அவனவன். நீ வீடு தேடி வந்து சொல்றே. இரு, காப்பி போட்டுண்டு வரேன். டேய், எழுந்து அக்காவுக்கு இடம் விடு!"

ரேவதி மெஷினை அணைத்து, ஒயரைப் பிடுங்கி, கண்ணாடியைக் கழற்றினாள். இடுக்கியால் தன் கட்டுகளை ஒவ்வொன்றாக வெட்டினாள். விறைத்து நின்ற ஒயர்கள் அப்பாடா என்று சரிந்து தொங்கின.

"ஐயய்யோ அக்கா, பார்க்கவே அசிங்கமா இருக்கே!" என்றான் ஹர்ஷவர்தன்.

"இருக்கட்டும்டா. கொஞ்சம் தொய்வு இருந்தாத்தான் அதுவும் மூச்சு விடும், நாமளும் மூச்சு விடலாம்" என்று சிரித்தாள்.

ப்ளக் மயிரிழை வெளியேதான் நின்றிருந்தது. கழற்றிப் பார்த்தாள். நல்ல காலம், கருகவில்லை. பிறகு கட்டைவிரலை வைத்து, சீராக, விடாமல் அழுத்தினாள். டிக் என்று உள்ளே போய் உட்கார்ந்தது. அசைத்துப் பார்த்தாள், அசையவில்லை. மாமி கொண்டு வந்த காப்பியை நின்றபடியே குடித்துவிட்டு, அடுத்த வீட்டுக்கு ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.